கல்லாப்பெட்டியில் ஒரு பிடி தேரி

அபர்டீன் பஜாரில் மணிக்கூண்டைத் தாண்டி இறங்கினால் அப்பாவின் பலசரக்குக் கடை. கல்லாப்பெட்டி படாக் மரத்தில் செய்தது. சில்லறை போட அதில் ஆறு குழிகள். ஐந்தில்தான் காசு கிடக்கும். ஆறாவதில் ஒரு சின்ன ஓலைக் கொட்டான், அதற்குள் ஒரு பிடி சிவப்புப் பொடி. கடையில் மிளகாய்ப்பொடி மூட்டையே இருக்கும்போது கல்லாவுக்குள் எதற்குத் தனியாக மிளகாய்ப்பொடி என்று ஆறு வயதில் ஒருநாள் நாக்கில் வைத்துப் பார்த்தேன். உறைக்கவில்லை. பல்லில் நறநறத்தது. அம்மா ஓடிவந்து முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, "சாமி மண்ணைத் திங்கிறியே, கூறுகெட்டவளே" என்று நடுமண்டையில் ஒரு குட்டு வைத்தாள்.

அது தேரி மண். திருச்செந்தூருக்கு மேற்கே தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைக் கடைசியில் கள்ளர்வெட்டு நடக்கும். கள்ளன் தலையாக ஓர் இளநீரை வைத்து வெட்டுவார்கள். வெட்டி முடித்ததும் அந்த இடத்து மண்ணை அள்ளக் கூட்டம் முண்டியடிக்கும். அள்ளிய மண் வீட்டுக்கு, வயலுக்கு, தொழுவத்துக்கு, கடைக்குப் போகும். அதை வைத்த இடத்தில் களவு போகாது, விருத்தி குறையாது என்பது நம்பிக்கை. எங்கள் ஆச்சி அள்ளி, யாரோ ஒருவர் மடியில் முடிந்து, ரயிலேறிச் சென்னை வந்து, கப்பலில் மூன்று இரவு கடந்து எங்கள் கல்லாவுக்கு வந்து சேர்ந்த மண் அது. அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவு கிடையாது. ஆனாலும் ஆறாவது குழியில் கடைசிவரை ஒரு காசு போட்டதில்லை.

நான் பிறந்தது போர்ட் பிளேரில். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். வாய் இன்னும் பழைய பெயரையே சொல்கிறது. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வருஷா வருஷம் ஐந்திணை வரும். நெய்தலுக்கு ஜன்னலைக் காட்டினால் போதும். குறிஞ்சிக்குக் கடலுக்கு அந்தப்பக்கம் தெரியும் ஹாரியட் மலை. பாலை என்றதும், "டீச்சர், பாலை எங்க இருக்கு?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். ராஜஸ்தான் படத்தைக் காட்டி ஒப்பேற்றிவிடுவேன். என் தாயார் பிறந்த ஊரே செந்நிற மணல்காட்டு ஓரத்தில் இருக்கிறது என்று ஒரு வகுப்பில்கூட நான் சொன்னதில்லை. சிறு வயதில் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் எனக்கு அது கால் சுடுகிற இடம், அவ்வளவுதான்.

போன பங்குனியில் நடந்தே பார்ப்பது என்று போனேன். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்தவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் சாத்தா எனும் அய்யனார் கோயிலுக்குத் திரும்புவார்கள். போர்ட் பிளேரில் அதே நாளில் வெற்றிமலை முருகனுக்குக் காவடி எடுப்பார்கள். அதனால் பல வருஷம் முருகனே போதும் என்று இங்கேயே இருந்துவிட்டேன்.

பாதைகளைப் பார்க்கும் பழக்கம் எனக்கு இந்த ஊரில்தான் வந்தது. 1858 மார்ச் 10-ஆம் தேதி கைதிகள் குடியேற்றம் அமைக்க டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். காட்டை வெட்டினதும், மேட்டைச் செதுக்கித் தடம் போட்டதும் அந்தக் கைதிகளும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும்தான். பலர் காலில் விலங்கோடு செய்த வேலை. அடுத்த வருஷம் மே 17-ல் இதே அபர்டீனில் அந்தமான் பழங்குடிகள் வில்லம்போடு வந்து மோதினார்கள். தங்கள் காட்டில் யாரோ வழி வெட்டுவதை எதிர்த்த சண்டை அது. அவர்களோடு ஏறக்குறைய ஒரு வருஷம் வாழ்ந்திருந்த தூத்நாத் திவாரி என்ற தப்பிய கைதி முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டதால் வெள்ளைக்காரர்கள் தயாராக இருந்தார்கள். நான் பள்ளிக்கு நடந்த சாலை இப்படி உண்டானது. அது தெரிந்த பிறகு எந்த ஊரில் எந்தத் தடத்தைப் பார்த்தாலும், இதில் முதலில் யார் கால் பட்டது, எதைச் சுமந்துகொண்டு போனார்கள் என்றுதான் மனசு கேட்கும்.

அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, எழுபத்தெட்டு வயது. அறுபத்திரண்டு வயதுவரை பனை ஏறினவர். இரண்டு பாதங்களின் உள்பக்கமும் நெஞ்சும் இன்றைக்கும் காய்ப்புக் காய்த்து, மரப்பட்டை மாதிரி இருக்கும். விடியற்காலம் ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்றார். நான் அதற்கென்றே வாங்கிய காலணியைப் பார்த்து, "அதக் கழத்திருளா. செருப்போட மணல்ல நடந்தா ஒரு மைலு ரெண்டு மைலாயிரும்" என்றார். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தெரிந்த வனக்காவலர் ஒருவரிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். ஒதுக்குக்காடு, நினைத்தபடி நுழைய முடியாது.

தேரி என்றால் மணல் மேடு. குதிரைமொழித் தேரி இவற்றில் பெரியது. பன்னிரண்டாயிரம் ஏக்கர் என்பார்கள். சாத்தான்குளம், நாசரேத், இட்டமொழி, குட்டம், சாயர்புரம் என்று சுற்றுவட்டாரத்தில் வேறு தேரிகளும் உண்டு. பாலைவனம் என்று படம் எடுக்க வருகிறவர்கள் நினைக்கிறார்கள். பாலைவனமே இல்லை, காடு. மொட்டையாக மணல் தெரியும் இடங்கள் உண்டு, அதைத்தான் படம் பிடிக்கிறார்கள். மற்றபடி பனை, குடை விரித்தாற்போல் நிற்கும் உடை, தாழக் கிளை பரப்பி மணலில் முழங்கை ஊன்றிக் கிடக்கும் கொல்லாமரம். முந்திரி என்று எழுதலாம்; எங்கள் பக்கத்தில் அது கொல்லாம்பழம்தான். வெளிச்சம் வருமுன்னே மயில்கள் அகவின. மணலில் அவற்றின் தோகை இழுபட்ட கோடு, யாரோ விளக்குமாற்றால் மெல்லப் பெருக்கிவிட்டுப் போன மாதிரி.

அந்த நேரத்தில் மண்ணின் நிறம் கருஞ்சிவப்பு. ஏழு மணிக்கு அது செங்கல் நிறமானது. ஒன்பது மணிக்குக் கண் கூசுகிற காவி. ஒவ்வொரு மணல்துகளிலும் இரும்புத் துரு மெல்லிய தோலாய்ப் படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. கையில் அள்ளித் தேய்த்தால் விரலில் ஒட்டும். எங்கள் தீவுக் கடற்கரை மணல் பெரும்பாலும் வெள்ளை, பவளமும் கிளிஞ்சலும் நொறுங்கினது. தேரி மணலுக்குள்ளே இல்மனைட், கார்னெட், சிர்கான் என்று கனிமங்கள் கலந்து கிடக்கின்றன. அதைக் குறிவைத்து 2007-ல் சாத்தான்குளம் வட்டாரத்தில் டைட்டானியம் ஆலை அமைக்க டாடா ஸ்டீல் நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஊர்க்காரர்கள் நிலம் தர எதிர்த்தார்கள், திட்டம் நின்றுபோனது. மாமா அந்தக் கதைக்குள் போகவில்லை. "மண்ண அள்ளிட்டா பனை எங்க நிக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

இந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதில் படித்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடித்து வரும் மேல்காற்று மேற்கே உள்ள செம்மண் நிலத்தை அரித்துக் கொண்டுவந்து குவித்தது என்பது ஒரு கட்சி. பனியுகத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது வெளியே தெரிந்த கடலடி மணலைக் காற்று கரைக்கு ஏற்றியது, பிறகு அது துருப்பிடித்துச் சிவந்தது என்பது இன்னொரு கட்சி. மணல்துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று கணக்கிடும் ஒளிர்வு முறை இப்போது வந்திருக்கிறது. அந்தக் கணக்கில் இந்த மேடுகள் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 5,500 ஆண்டுகளுக்கு முன்வரை சேர்ந்தவை. அதாவது காற்று ஆயிரக்கணக்கான வருஷம் விடாமல் வேலை பார்த்திருக்கிறது.

ஒரு சரிவில் மாமா குனிந்து எதையோ பொறுக்கினார். சுண்டுவிரல் நகமளவு வெள்ளைக் கல் சில்லு, ஒரு பக்கம் கூராக. "சின்னப் புள்ளையில சக்கிமுக்கின்னு பொறுக்கி வெளையாடுவோம்" என்றார். அது மனிதன் செதுக்கினதா, தானாக உடைந்ததா என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் இங்கே செதுக்கினவை கிடக்கின்றன என்பது ஊரறிந்த விஷயம். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சாயர்புரத்துத் தேரியில் இப்படிப்பட்ட நுண்கருவிகளைப் பொறுக்கியெடுத்தார். 1956-ல் தொல்லியலாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 'ஏன்சியன்ட் இந்தியா' இதழில் இவற்றை விரிவாக எழுதினார்கள். அன்றிலிருந்து தொல்லியல் புத்தகங்களில் தேரிக் கருவிகள் என்றே தனிப்பெயர். குவார்ட்ஸ், செர்ட் கல்லில் பிறை வடிவம், அம்பு முனை வடிவம். அம்பு முனைகளுக்கு நெருங்கிய சாடை இலங்கையில் கிடைத்தவற்றோடுதான். மணல் மேட்டில் கல் கிடையாது. ஆகவே அந்தக் கல்லை யாரோ எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறார்கள். மழைநீர் தேங்கும் தருவை ஓரத்தில், மீனுக்கும் மானுக்கும் காத்து உட்கார்ந்து, மடியில் கல்லை வைத்துத் தட்டியிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இந்தத் தடத்தின் முதல் சுமை கல். மாமா சில்லை எடுத்த இடத்திலேயே போட்டார்.

தருவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேரிக்கு மேலே சொட்டு ஈரம் இருக்காது. பெய்கிற மழை முழுவதையும் அது குடித்துவிடும். குடித்த தண்ணீர் அடியில் கசிந்து, மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே பள்ளத்தில் ஆழமில்லாத ஏரியாக வெளிவரும். புத்தன்தருவை, வைரவன்தருவை என்று ஊர்ப்பெயரிலேயே அது இருக்கிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறதே, அந்தச் சுனையும் தேரிக்கு நடுவே ஊறுவதுதான். இவ்வளவு வறண்ட மண்ணில் சாமியின் பெயரே 'சுனையைக் காத்தவர்' என்று இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு மணி நேரம் நடந்திருப்போம். திரும்பிப் பார்த்தால் எங்கள் கால்தடம் பாதி மூடியிருந்தது. பங்குனிக் காற்றுக்கே இப்படி என்றால் ஆடிக் காற்றில் என்ன மிஞ்சும்? "அப்ப வழி எப்படித் தெரியும் மாமா?" என்று கேட்டேன்.

"தடம் மண்ணுல கெடையாது. மரத்துல இருக்கு."

பிறகுதான் நானும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒரு பனையிலிருந்து நேராக அடுத்த பனை, அங்கிருந்து இரட்டைப் பனை, பிறகு இடி விழுந்து கருகின மொட்டைப் பனை, அதற்கு வலப்பக்கம் ஓர் உடை. இதுதான் பாதை. ஒவ்வொரு திருப்பத்து மரத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. பனையேறியின் தடம் ஒன்று, ஆட்டுக்காரன் தடம் ஒன்று, வண்டித்தடம் ஒன்று, சாமிக்குப் போகிற தடம் ஒன்று. நாலும் சில இடங்களில் ஒன்றாகப் போய்ப் பிரியும். வண்டித்தடம் மட்டும் எப்போதும் சுற்றிக்கொண்டு போகும்; சக்கரம் புதைகிற மேட்டை மாடு தானாகவே விலக்குமாம். சாமித்தடம் நேரே மேட்டில் ஏறி இறங்கும், வேண்டுதலுக்கு நோவு வேண்டுமல்லவா என்று மாமா சிரித்தார்.

மரம் இல்லாத காலத்தில் இந்தத் தேரி நடந்தது. நான் சொல்வது கவிதை இல்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது மேடுகள் கிழக்கே நகர்ந்து தோட்டத்தை, கிணற்றை, குடிசையை மூடும். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இதைக் கண்டு மிரண்டார்கள். பனங்கொட்டை ஊன்றச் செய்து, கொடிகளைப் படரவிட்டு மணலைக் கட்டிப்போடப் பார்த்தார்கள். 1882-ல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. தேரிக்கும் எல்லைக்கல் நட்டு ஒதுக்குக்காடு ஆக்கினார்கள். பிறகு உடையும் கொல்லாவும் நட்டது வனத்துறை. ஆக இன்றைக்கு நாம் பார்க்கிற தேரிக்காட்டில் மண்தான் பழசு. காட்டில் பெரும்பகுதி மனிதன் வைத்தது.

இங்கே எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. அந்தமானில் வனத்துறை தொடங்கியது 1883-ல். சாத்தம் தீவில் மர அறுவை ஆலை வந்ததும் அதே வருஷம். ஒரே ஆட்சி ஒரு வருஷ இடைவெளியில் அங்கே வனச் சட்டம் போட்டது, இங்கே வனத்துறை வைத்தது. அங்கே மணலை நிறுத்த ஒவ்வொரு கொட்டையாக ஊன்றியது. இங்கே யாரும் ஊன்றாத காட்டிலிருந்து படாக் மரத்தை வெட்டிக் கப்பலேற்றியது. எங்கள் கல்லாப்பெட்டி இந்தப் பக்கத்து மரம், அதற்குள் இருந்தது அந்தப் பக்கத்து மண். அப்பா இதையெல்லாம் நினைத்துச் செய்ததில்லை, மலிவாகக் கிடைத்த பெட்டி.

கொட்டை ஊன்றினது அரசாங்கம் என்று மட்டும் சொல்லிவிட்டால் மாமாவுக்குக் கோபம் வரும். பனைக்காடு அதற்கும் வெகுகாலம் முன்பே அந்தப் பக்கத்து மக்களின் பிழைப்பு. பாதிரியார் ராபர்ட் கால்டுவெல் 1841-ல் சென்னையிலிருந்து நீலகிரி வழியாகச் சுற்றி, கால்நடையாகவே திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். தேரி ஓரத்து இடையன்குடியில் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். அங்கே உட்கார்ந்துதான் 1856-ல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதினார். தமிழாசிரியராக அவருக்கு நான் கடன்பட்டவள். ஆனால் 1849-ல் பனையேறி மக்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலை எங்கள் சனம் இன்னும் மன்னிக்கவில்லை. மேலே இருந்து பார்த்துச் சொன்ன சொல் அது. மரத்தின் மேலே இருந்து அல்ல.

மாமா சொன்ன வேலைக் கணக்கு இது. தை, மாசியில் பாளை விடும். ஆண் மரமான அலகுப்பனைக்கு ஒரு விதம், பெண் மரமான பருவப்பனைக்கு ஒரு விதம் என்று கடிப்பால் பாளையை நசுக்கிப் பக்குவம் பண்ண வேண்டும். இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைநார், கையில் முருக்குத்தடி. விடியுமுன் ஏறிக் கலயத்தை இறக்க வேண்டும், சாயங்காலம் மறுபடி ஏறிப் பாளையைச் சீவிவிட்டு வர வேண்டும். ஒருநாளைக்கு முப்பது, நாற்பது பனை, இரண்டு வேளை. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதனி, தடவாவிட்டால் கள். ஒவ்வொரு பனைக்கும் நடுவே இந்த மணலில் நடை. ஏறுகிற உயரத்தை மட்டுமே எல்லோரும் பேசுகிறார்கள், நடந்த தூரத்தை யாரும் சொல்வதில்லை என்பது மாமாவின் குறை.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை அம்மாவிடமிருந்து நான் அறிவேன். பதனியைக் கருப்பட்டி ஆக்குவது பெண்கள். பருவத்தில் குடும்பமே பனங்காட்டுக்குள் விடிலி போட்டுத் தங்கும். விடிலி என்பது ஓலைக்குடிசை, அதற்குள் அடுப்பு. மேலே பங்குனி வெயில், உள்ளே அடுப்பு. பத்து லிட்டர் பதனி காய்ச்சினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே கருப்பட்டி. பொங்காமல் கிண்டி, கூப்பதனி ஆகி, பாகு பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். ஒரு பதம் தப்பினால் புருஷன் நாற்பது பனை ஏறினது வீண். அதற்கு விறகு? காய்ந்த மட்டை, ஓலை, உடை முள். ஒதுக்குக்காடு ஆனபிறகு முள் பொறுக்கவும் அனுமதி வேண்டும். அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதில் விறகுக்கட்டோடு காவலரிடம் அகப்பட்டு, அரிவாளைப் பறிகொடுத்து அழுதுகொண்டே வந்திருக்கிறாள். போர்ட் பிளேரில் மண்ணெண்ணெய் அடுப்பு பற்றவைக்கும்போதெல்லாம் அந்த அரிவாளைச் சொல்லுவாள். ஆகவே இந்தப் பாதையில் நான் தேடினது விறகுத்தடத்தை. மாமா காட்டிய நாலு தடத்தில் அது இல்லை. "அதுக்குத் தனித் தடம் ஏது? பொம்பளைங்க எங்க முள்ளு கெடக்கோ அங்க போவாளுவ" என்றார்.

கருப்பட்டி இந்தத் தடங்களில் தலைச்சுமையாக வெளியே வந்து, தேரி ஓரத்தில் வண்டியேறியது. 19-ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் கருப்பட்டியும் கருவாடும் உப்பும் மாட்டுவண்டியில் ஏற்றி வடக்கே ராமநாதபுரம் சீமைக்குப் போனார்கள். வழியில் கள்ளர் பயம். அதனால் வண்டியும் சரக்கும் இரவு தங்க மதில் வைத்த பேட்டைகள் எழுப்பினார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை போட்டுக் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை எல்லாம் அப்படித் தலையெடுத்தவை. இவர்களின் கடைதான் பிறகு மாநிலம் முழுக்க அண்ணாச்சி கடை. அபர்டீன் பஜாரில் வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும் இந்தியில் பேசிக்கொண்டே அப்பாவை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள், அதுதான் அவர் பெயர் என்று நினைத்து. கள்ளர்வெட்டு மண் ஏன் வயலைவிடக் கல்லாவில் அதிகம் இருக்கிறது என்பது எனக்கு அந்தப் பேட்டை மதில்களைப் பற்றிப் படித்தபிறகுதான் உறைத்தது. வழியில் பறிகொடுத்தவர்களின் சாமி அது.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பு ரயில்தான். தேரிப் பக்கம் ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது என்றால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்பமாட்டார்கள். குலசேகரப்பட்டினத்தில் பாரி கம்பெனியைச் சேர்ந்த ஆலை ஒன்று கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுத்தது. அதற்குச் சரக்குக் கொண்டுவர 1910-களின் நடுவில் இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டார்கள். திசையன்விளையில் தொடங்கி உடன்குடி, குலசேகரப்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர், ஏறக்குறைய 27 மைல். கருப்பட்டியோடு ஆளும் ஏறிப் போகலாம். 1940-ல் மூடிவிட்டார்கள். கரும்புச் சர்க்கரையின் விலைக்கு முன்னால் பனைச் சர்க்கரை நிற்கவில்லை என்றே நான் ஊகிக்கிறேன். ஆச்சி அந்த ரயிலில் திருச்செந்தூர் போயிருக்கிறாள். மேட்டில் ஏறும்போது மாடு மேய்க்கிற பையன்கள் கூடவே நடந்து வருவார்களாம், அத்தனை வேகம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டடித் தண்டவாளம் எங்கே போனது என்று ஒருவரும் கேட்பதில்லை.

எட்டரை மணிக்கு எதிரே ஒரு மேட்டில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் உறுமி ஏறின. பின்னால் ஒருவன் கேமராவோடு. கீழே கொல்லாமர நிழலில் கல்யாண உடையில் ஒரு ஜோடி. பெண்ணின் பட்டுப்புடவைக் கரையில் செம்மண். வனத்துறை அடிக்கடி விரட்டினாலும் வருகிறார்கள் என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்து, "நிழல்ல நில்லுங்க தாயி, இன்னும் செத்த நேரத்துல கால் வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு நடந்தார். எனக்குத்தான் எரிச்சல். சக்கரம் அறுத்த இடத்தில் உடைக் கன்று ஒன்று வேரோடு கிடந்தது. அதே சமயம், இந்தத் தடத்தில் எவரும் எதையாவது சுமந்துதானே வந்தார்கள், இவர்கள் கேமரா சுமக்கிறார்கள் என்றும் பட்டது. எரிச்சல் முழுக்க அடங்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

திரும்பும் வழியில் ஒரே ஒரு விடிலியில் புகை. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், மகன் இறக்கி வந்த பதனியை ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுத்தாள். இந்தத் தேரி ஓரத்து ஊர்களில் இப்போது எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று கேட்டேன். மாமா விரல் விட்டு எண்ணத் தொடங்கி, இரண்டு கையும் முடிவதற்குள் நிறுத்திவிட்டார். 2021-ல் கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அரசு சொல்லியிருப்பதைச் சொன்னேன். "வெட்டாம இருந்தாப் போதுமா? ஏறணும்லா" என்றாள் அந்த அம்மாள், அகப்பையை எடுக்காமலே.

மறுநாள் கற்குவேல் அய்யனார் கோயிலில் கும்பிட்டு முடித்துவிட்டுக் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தேன். அப்பா போனபிறகு கடையை வாடகைக்கு விட்டாயிற்று. கல்லாப்பெட்டி என் வீட்டில் இருக்கிறது, தம்பி மகன் அதில் செல்போன் சார்ஜர்களைப் போட்டு வைக்கிறான். ஆறாவது குழியில் கொட்டான் மட்டும் இருக்கிறது. கடையைக் காலி செய்த அன்று யாரோ குப்பை என்று மண்ணைத் தட்டிவிட்டார்கள். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு எடுத்தா அது வெறும் மண்ணுளா. கள்ளர்வெட்டு அன்னிக்கு வந்து அள்ளிக்கோ."

கார்த்திகைக் கடைசி என்றால் டிசம்பர் நடுவாக்கில். வங்கக்கடலில் புயல் எழும்பும் பருவம். கப்பல் தேதி மாறும், சில சமயம் ரத்தாகும். அம்மா கல்யாணமாகித் தீவுக்கு வந்தபிறகு ஒரு கள்ளர்வெட்டுக்கும் போக முடியாமல் போனது அதனால்தான். விரலைப் பிரித்து மண்ணை இருந்த இடத்திலேயே விட்டேன். ஊருக்கு வந்ததும் கப்பல் அலுவலகத்தில் போய் விசாரித்தேன். டிசம்பர் அட்டவணை இன்னும் வரவில்லை, நவம்பரில் வந்து பாருங்கள் என்றார்கள்.